ஒரு வாரப் பந்தயத்தில் ஜெயிப்பவர் மூன்று வாரப் பந்தயத்தில் ஏன் தோற்கிறார்?

கேள்வி: டாக்டர் சார், நானும் என் அண்ணனும் பல வருஷமாக ஐரோப்பிய சைக்கிள் பந்தயங்களை விடாமல் பார்க்கிறவர்கள். எனக்கு ஆஸ்திரேலியாவின் ரிச்சி போர்ட் என்றால் உயிர். பாரிஸ்-நீஸ் இரண்டு முறை, கட்டலூன்யா, ரொமாண்டி, டூர் டி ஸ்விஸ், டாஃபினே என்று ஒரு வாரப் பந்தயங்களை வரிசையாக ஜெயித்தவர். ஆனால் மூன்று வாரம் நடக்கிற டூர் டி பிரான்ஸ், இத்தாலியின் ஜிரோ, ஸ்பெயினின் வுவெல்டா எதையும் அவர் ஜெயித்ததில்லை. "பெரிய மேடை ஏறினா கை கால் உதறுற ஆளு" என்று அண்ணன் சொல்லும்போதெல்லாம் சண்டை வருகிறது. இது மனசு சம்பந்தப்பட்டதா, உடம்பு சம்பந்தப்பட்டதா? இன்னொன்று: போன வருஷம் நண்பர்களோடு பொள்ளாச்சியிலிருந்து கன்னியாகுமரிக்கு நான்கு நாளில் சைக்கிளில் போனேன். முதல் நாள் திண்டுக்கல் வரை நான்தான் முன்னால். ராத்திரி களைப்பில் இரண்டு இட்லி சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் கோவில்பட்டி தாண்டியதும் கால் கல்லாகிவிட்டது. எனக்கும் அதே கோளாறுதானா?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: தம்பி, உங்கள் அண்ணன் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விளையாட்டு மருத்துவம் பார்க்கிற எனக்கு இந்தக் குற்றச்சாட்டு மிகவும் பழக்கமானது. ஓட்டப்பந்தயப் பிள்ளைகளைக் கூட்டிவருகிற பெற்றோர், "பிராக்டிஸ்ல நல்லா ஓடுறான் டாக்டர், போட்டியில மனசை விட்டுடுறான்" என்பார்கள். பரிசோதித்துப் பார்த்தால் சிலருக்கு இரும்புச்சத்து குறைந்திருக்கும். சிலர் முதல் நாள் இரவு சரியாகச் சாப்பிட்டிருக்கவே மாட்டார்கள். காரணம் கண்ணுக்குத் தெரியாதபோது பழியை மனசின் மேல் போட்டுவிடுகிறோம். அந்தப் பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது. அதனால்தான் உங்கள் கடிதத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

2013 டூர் டி பிரான்ஸில் அடுத்தடுத்த இரண்டு நாட்களை எடுத்துக்கொள்வோம். ஜூலை 6, பிரனீஸ் மலைகளில் முதல் நாள். ஆக்ஸ் த்ருவா டொமேன் உச்சியில் கிறிஸ் ஃப்ரூம் முதலாவது. அவருக்கு 51 வினாடி பின்னால் அவருடைய ஸ்கை அணித் தோழர் போர்ட் இரண்டாவது. எல்லா நாள் நேரத்தையும் கூட்டிப் போடுகிற மொத்தப் பட்டியலிலும் அதே வரிசைதான். உலகத்தின் தலைசிறந்த மலையேறிகள் எல்லோரும் இவர்களுக்குக் கீழே. அன்று இரவு பார்த்தவர்கள், பாரிஸ் வரை இந்த இருவர்தான் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் ஜூலை 7. பன்யேர்-டி-பிகோர் நோக்கி ஐந்து ஏற்றங்கள். முதல் ஏற்றத்திலிருந்தே எதிரணிகள் தாக்க ஆரம்பித்தன. ஸ்கை அணியினர் ஒவ்வொருவராகக் கழன்றார்கள், போர்ட்டும் கழன்றார். நேற்று யாரை விட்டுவிட்டு மேலே போனாரோ, அவர்களே இன்று அவர் கண்ணெதிரே தூரமாகிக்கொண்டிருந்தார்கள். இறுதிக் கோட்டைத் தொட்டபோது ஏறக்குறைய 18 நிமிடம் போய்விட்டிருந்தது. இரண்டாவது இடத்துக்கு அன்றோடு முற்றுப்புள்ளி.

ஒரே மனிதர், ஒரே சைக்கிள், இடையில் ஒரே ஒரு இரவு. முந்தின நாள் இருந்த மனசு ஒரு ராத்திரியில் எங்கே போய்விடும்? மாறியது உடம்பின் இருப்பு. அந்த ஒரு இரவில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இருக்கிறது.

நம் தசைகளில் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. நன்றாகப் பயிற்சி பெற்ற வீரருக்குத் தசையிலும் ஈரலிலும் சேர்த்து 500, 600 கிராம் இருக்கும். ஒரு கிராமுக்கு 4 கலோரி என்று வைத்தால் 2400 கலோரிக்குள் அடங்கிவிடும். கடுமையான மலை ஸ்டேஜில் (பந்தயத்தின் ஒரு நாள் ஓட்டத்தை ஸ்டேஜ் என்பார்கள்) சைக்கிள் மேல் மட்டுமே 4000 கலோரிக்கு மேல் செலவாகும். பாக்கியில் கொஞ்சம் கொழுப்பிலிருந்து வரும். மீதியை வழியில் சாப்பிட்டாக வேண்டும். இந்தக் காலத்து வீரர்கள் மணிக்கு 90 முதல் 120 கிராம் சர்க்கரைச்சத்தை ஜெல்லாகவும் பானமாகவும் இறக்குகிறார்கள். அப்படியும் மாலையில் சேமிப்புப் பானை அடி தெரியும்.

அதை மறுநாள் மதியத்துக்குள் நிரப்ப வேண்டும். 62 கிலோ எடையுள்ள வீரர், கிலோவுக்கு 10 கிராம் கணக்கில், சுமார் 620 கிராம் மாவுச்சத்து சாப்பிட வேண்டும். நம் கணக்கில் சொன்னால் 2 கிலோவுக்கு மேல் வடித்த சோறு. பசியே இல்லாத நேரத்தில், குமட்டுகிற வயிற்றோடு, ஒருநாள் இல்லை, இரண்டுநாள் இல்லை, மூன்று வாரம். மாலை 5 மணி சுமாருக்கு ஸ்டேஜ் முடியும். முன்னணியில் இருப்பவருக்கு அதற்குமேல் மேடை, ஊக்கமருந்துப் பரிசோதனை, பத்திரிகையாளர்கள். பிறகு பஸ்ஸில் மலை இறங்கி ஹோட்டலுக்குப் பயணம், மசாஜ், சாப்பாடு. படுக்கும்போது கால் துடித்துக்கொண்டிருக்கும், தூக்கம் உடனே வராது. மொத்தத்தில் முதலிடத்துக்கான மஞ்சள் சட்டை போட்டவர் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் ஓய்வெடுக்கிறார் என்பதை நாம் டிவியில் பார்ப்பதில்லை.

ஒரு வாரப் பந்தயத்திலும் இதெல்லாம் உண்டுதான். ஆனால் அங்கே ஒவ்வொரு இரவும் சிறிது கடன் விழுந்தாலும், கடன்காரன் கதவைத் தட்டுவதற்குள் பந்தயம் முடிந்துவிடும். பாரிஸ்-நீஸ் எட்டு நாள். ரொமாண்டியும் பாஸ்க் நாட்டுப் பந்தயமும் ஆறு நாள். தினமும் இருப்பில் இருபதில் ஒரு பங்கு நிரம்பாமல் போகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் நாள் சமாளித்துவிடலாம். பதினேழாம் நாள் ஆல்ப்ஸில் முடியாது.

மூன்றாம் வாரத்தில் உடம்பு வேறு உடம்பாகவே மாறிவிடுகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, ஹீமோகுளோபின் அளவு இறங்கும். (அப்படி இறங்குவதுதான் இயற்கை. மூன்று வாரமும் அது இறங்காமலே நின்றாலோ ஏறினாலோ ஊக்கமருந்து அதிகாரிகள் சந்தேகப்படுவார்கள்.) முதல் வாரம் ஏற்றத்தில் எவ்வளவு உயரத்துக்குப் போன இதயத்துடிப்போ, அதே வலியில் இப்போது பத்துப் பன்னிரண்டு குறைவாகவே நிற்கும், முடுக்கினாலும் ஏறாது. ஹார்மோன்கள் இறங்கும். நோய் எதிர்ப்புச் சக்தி தளர்ந்து சளி, தொண்டைவலி, வயிற்றுக் கோளாறு எல்லாம் வரிசை கட்டும். சீட் உரசும் இடத்தில் வருகிற ஒரு சின்னக் கட்டி போதும். அயர்லாந்தின் ஷான் கெல்லி 1982 முதல் 1988 வரை தொடர்ந்து ஏழு முறை பாரிஸ்-நீஸ் ஜெயித்தவர். இன்றுவரை யாரும் நெருங்காத கணக்கு. 1987 வுவெல்டாவில் அவர்தான் முதலிடம், முடிய சில நாட்களே பாக்கி. அப்போது சீட் கட்டியால் இறங்க வேண்டியதாயிற்று. கெல்லியைவிடக் கெட்டியான மனசுக்காரரை சைக்கிள் உலகில் தேடித்தான் பிடிக்க வேண்டும். மறு வருஷம் அதே வுவெல்டாவை ஜெயித்தார். அவர் ஜெயித்த ஒரே மூன்று வாரப் பந்தயம் அது.

இனி, இரண்டு வகைப் பந்தயமும் என்ன கேட்கின்றன என்று பாருங்கள். ஒரு வாரப் பந்தயம் கேட்பது: "உன் உச்சம் எவ்வளவு?" ஒவ்வொருவராகத் தனியே கடிகாரத்தோடு போட்டி போடுகிற ஒரு டைம் ட்ரயல், ஒன்றிரண்டு மலை உச்சி முடிவுகள், பெரும்பாலும் இருபது முப்பது நிமிடத்து உக்கிரத்தில் தீர்ந்துவிடும். வித்தியாசம் வினாடிகளில். 2016 பாரிஸ்-நீஸில் கெரைன்ட் தாமஸ், கொன்டாடோரை வென்றது 4 வினாடியில். 2021 டாஃபினேயை போர்ட் வென்றது 17 வினாடியில். மூன்று வாரப் பந்தயம் கேட்கிற கேள்வியே வேறு: "உன் மோசமான நாள் எவ்வளவு மோசம்?" அங்கே இழப்பு நிமிடங்களில் வரும், சில சமயம் போர்ட்டுக்கு வந்ததுபோல 18 நிமிடத்தில்.

ஆய்வுக்கூடத்தில் காலையில் புத்துணர்வோடு அளந்தால் முன்னணி வீரர்கள் பலருக்கும் வாட் கணக்கு, அதாவது பெடலில் காட்டுகிற வலு, ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அதே ஆட்களை மணிக்கணக்கில் ஓட்டவிட்டு, 3000 கிலோஜூல் வேலை வாங்கிய பிறகு அளந்தால்தான் பிரிவு தெரிகிறது. ஒருவருக்கு உச்சம் லேசாகத்தான் குறையும், இன்னொருவருக்கு சரிந்துவிடும். கொழுப்பை எரித்து மாவுச்சத்தை மிச்சப்படுத்துகிற தசையா, வெடிப்பான வேகத்துக்கு ஏற்ற, சீக்கிரம் கிளைகோஜனைத் தின்றுவிடுகிற தசையா, குடல் எவ்வளவு உறிஞ்சுகிறது, தூக்கம் எப்படி என்று பல காரணங்கள். இதில் கொஞ்சம் பிறவி, கொஞ்சம் பல வருஷ உழைப்பு. போர்ச்சுகலின் ரூயி கோஸ்டாவைப் பாருங்கள். 2012, 2013, 2014 என்று மூன்று வருஷம் தொடர்ந்து டூர் டி ஸ்விஸ் ஜெயித்தார். 2013இல் உலக சாம்பியனும் ஆனார். மூன்று வாரப் பந்தயத்தில் முதல் பத்து இடத்துக்குள்கூட வந்ததில்லை. அவரைக் கோழை என்று யாரும் சொல்வதில்லை. ஒருநாள் போட்டிக்கும் ஒரு வாரத்துக்கும் வார்த்த உடம்பு என்று ஏற்றுக்கொள்கிறோம். போர்ட் விஷயத்தில் மட்டும் ஏன் வேறு நியாயம்?

உடம்பு மட்டுமே காரணம் என்றும் நான் சொல்ல மாட்டேன். எண்ணிக்கையின் கொடுமை ஒன்று இருக்கிறது. பஞ்சர், விழுதல், காய்ச்சல், திடீர்ச் சரிவு எல்லாம் சேர்த்து, பந்தயத்தையே பறித்துவிடும் ஒரு கெட்ட நாள் வர தினமும் நூற்றில் மூன்று வாய்ப்பு என்று கணக்குக்காக வையுங்கள். ஏழு நாளை அடிபடாமல் கடக்க நூற்றுக்கு 81 வாய்ப்பு. இருபத்தோரு நாளைக் கடக்க 53தான். அதே மனிதர், அதே திறமை. நாள் கூடியதால் மட்டுமே பாதிக்குப் பாதி ஆகிவிட்டது.

போர்ட் இந்தக் கணக்கின் தவறான பக்கத்திலேயே விழுந்துகொண்டிருந்தார். 2014 டூரில் ஃப்ரூம் விழுந்து வெளியேறியதும் தலைமை இவர் தோளுக்கு வந்தது. இரண்டாம் இடம் வரை ஏறினார். ஷாம்ரூஸ் ஏற்றத்தில் ஒரே நாளில் எல்லாம் போயிற்று. நெஞ்சில் தொற்று இருந்தது பிறகுதான் தெரிந்தது. 2015 ஜிரோவில் பஞ்சர் ஆனபோது, வேறு அணியில் இருந்த சக ஆஸ்திரேலியர் சைமன் கிளார்க் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். எதிரணியிடம் உதவி வாங்கக் கூடாது என்பது விதி. இரண்டு நிமிடம் அபராதம். பிறகு விழுந்து அடிபட்டு, பாதியிலேயே வெளியேறினார். 2017 டூரில் மோன்ட் டு ஷா இறக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பும் காறை எலும்பும் முறிந்தன. ஒன்பதாவது ஸ்டேஜ். 2018இலும் அதே ஒன்பதாவது ஸ்டேஜ், மறுபடி காறை எலும்பு.

2016 டூர் பற்றி எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு. இரண்டாம் நாளே, முடிவுக்குச் சில கிலோமீட்டர் முன்னால் பஞ்சர். சக்கரம் மாற்றத் தாமதமாகி 1 நிமிடம் 45 வினாடி போயிற்று. பிறகு மூன்று வாரமும் மலைகளில் யாருக்கும் சளைக்காமல் ஓட்டி, ஐந்தாவது இடத்தில் முடித்தார். மூன்றாவதாக வந்த கின்டானாவுக்கும் இவருக்கும் இடைவெளி 56 வினாடி. அந்தப் பஞ்சரைக் கழித்துப் பாருங்கள். மேடையில் இரண்டாம் இடம் அவருடையது. அண்ணனிடம் இந்தக் கழித்தலை ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. பாரிஸ்-நீஸ் நடப்பது மார்ச்சில். ஜூலையைக் குறிவைக்கும் பலர் அங்கே இன்னும் முழுத் தயாரிப்பில் இருப்பதில்லை. போர்ட்டுக்கோ ஆஸ்திரேலியக் கோடையில் ஜனவரியிலேயே சீசன் சூடாகிவிடும். அங்கே நடக்கிற டூர் டவுன் அண்டர் பந்தயத்தில் வில்லுங்கா ஹில் ஏற்றத்தை 2014 முதல் 2019 வரை ஆறு வருஷம் தொடர்ந்து அவர்தான் ஜெயித்தார். அது 3 கிலோமீட்டர் ஏற்றம், சில நிமிட வேலை; அவருடைய உச்சம் எப்பேர்ப்பட்டது என்பதற்குச் சாட்சி. அடுத்தது வேலைப் பங்கீடு. தன் நல்ல வருஷங்களில் பாதியை அவர் ஸ்கை அணித் தலைவர்களான விக்கின்ஸுக்கும் ஃப்ரூமுக்கும் மலையில் காற்றை மறைத்துக் கொடுப்பதில் செலவிட்டார். அதற்காகவே சம்பளம், அவரும் மனதார அதைச் செய்தார். மூன்று வாரம் தலைமை தாங்குவதும் பழக்கத்தில் வருவதுதான். ஒரு வாரப் பந்தயத்தில் ஜெயித்தவர்களுக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும் என்பதில்லை. விக்கின்ஸ் 2012இல் பாரிஸ்-நீஸ், ரொமாண்டி, டாஃபினே, டூர் நான்கையும் ஒரே வருஷத்தில் வாங்கினார். கெரைன்ட் தாமஸ் 32 வயதில் டூரை ஜெயித்தார்.

மனசு பற்றிய வாதத்தை 2020 செப்டம்பர் 19 தீர்த்துவைத்துவிட்டது என்பது என் கட்சி. டூரின் இருபதாவது ஸ்டேஜ், லா ப்ளான்ஷ் டி பெல் ஃபீ மேலே முடிகிற டைம் ட்ரயல். போர்ட்டுக்கு 35 வயது, மொத்தத்தில் நான்காம் இடம். டூர் நடந்துகொண்டிருந்தபோதே அவருக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. பக்கத்தில் இருக்க முடியவில்லை. மேடையில் நிற்பதற்கு இதுவே கடைசி வாய்ப்பு என்று எல்லோருக்கும் தெரியும். உதறுகிற கை கால் என்றால் அன்றுதான் உதறியிருக்க வேண்டும். அன்று அந்த ஸ்டேஜில் மூன்றாவதாக வந்தார், அதுவரை மொத்தத்தில் முதலிடத்தில் இருந்த ரோக்லிச்சைவிட வேகமாக. மூன்றாம் இடத்தில் இருந்த லோபெஸைத் தாண்டி, மொத்தத்திலும் மூன்றாம் இடம் பிடித்தார். பெரிய விபத்தோ பெருஞ்சரிவோ இல்லாமல் மூன்று வாரம் கடந்தபோது அவர் எங்கே நிற்பார் என்பதற்கு நமக்குக் கிடைத்த மிகத் தெளிவான விடை அது. முதலிடம் அப்போதும் இல்லைதான். அந்த டூரை ஜெயித்த போகச்சார் 3 நிமிடம் 30 வினாடி முன்னால் இருந்தார். நாள் தவறாமல் மீண்டெழுகிற அந்த ஒரு குணத்தில் போர்ட்டைவிடச் சிலர் மேலே இருந்தார்கள். அதை ஒத்துக்கொள்வதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது உங்கள் கோவில்பட்டி. உங்கள் உடம்பு எந்த வகை என்று நான்கு நாள் பயணத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். ஏனென்றால் அந்த இரண்டு இட்லியே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. திண்டுக்கல் வரை முன்னால் போய், கையிருப்பு எல்லாவற்றையும் எரித்துவிட்டு, இரவில் நிரப்பாமல் படுத்திருக்கிறீர்கள். இரண்டாம் நாளும் மிச்சத்தைச் சுரண்டியே ஓடியிருக்கும். மூன்றாம் நாள் கால் கல்லாகாவிட்டால்தான் ஆச்சரியம்.

அடுத்த முறை முதல் நாள் நண்பர்களோடு பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகத்தில் போங்கள்; பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். கிளம்பின அரை மணி நேரத்திலிருந்தே, பசிக்கக் காத்திருக்காமல், வாழைப்பழம், கடலை மிட்டாய், பேரீச்சை என்று எதையாவது மென்றுகொண்டே இருங்கள். தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் சேருங்கள். நம் ஊர் வெயிலுக்கு வெறும் தண்ணீர் போதாது. சைக்கிளை நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குள், குளிப்பதற்கு முன்னாலேயே, ஒரு தட்டு தயிர்சோறு உள்ளே போகட்டும். ராத்திரி பசித்தாலும் பசிக்காவிட்டாலும் முழுச் சாப்பாடு. பரோட்டாவும் எண்ணெய்க் குழம்பும் அன்றைக்கு வேண்டாம்; மறுநாள் வயிறு அதைத் தூக்கிக்கொண்டு வராது.

தினமும் காலையில் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்குமுன் ஒரு நிமிடம் நாடியை எண்ணி எழுதிவையுங்கள். கிளம்புவதற்கு முந்தின வாரத்துக் கணக்கைவிடப் பத்துக்கு மேல் கூடியிருந்தால், அன்று கடைசியில் போங்கள், முன்னால் காற்றை வாங்குகிற வேலையை நண்பர்களுக்கு விடுங்கள். காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருந்தால் சைக்கிளை பஸ் மேல் ஏற்றிவிட வேண்டியதுதான். இதையெல்லாம் செய்தும் மூன்றாம் நாள் அதே இடத்தில் கால் நின்றால், அந்த நான்கு நாள் நாடிக் கணக்கையும், என்னென்ன சாப்பிட்டீர்கள் என்ற பட்டியலையும், ஒரு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு) பரிசோதனை ரிப்போர்ட்டையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.